மூச்சின் வரைபடம்: நுரையீரல் ஊறும் தமிழில் அதனை விளக்கும் கடனும்



மொழியியல் படித்தோர் நுரையீரலைப் பற்றிப் பேசுவதில் வியப்புக்கு இடமில்லை. ஒலிப்பியலின் முதற்பாடமே மூச்சுதான். தொல்காப்பியப் பிறப்பியலும் எழுத்துகளின் பிறப்பை உந்தியிலிருந்து எழும் காற்றிலிருந்தே தொடங்குகிறது. அக்காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றொடு பொருந்தி எழுத்தாகிறது என்பது அந்நூலின் விளக்கம். நெஞ்சிற் காற்று நில்லாதவனுக்குச் சொல்லும் நில்லாது. ஆகவே, நுரையீரலுக்கு நேரும் ஊறு மொழிக்கும் நேரும் ஊறே ஆகும்.

எனினும் நாம் மருத்துவர் அல்லோம். நோய்க்கு அறிவுரை கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. நுரையீரல் ஊறுபாட்டை அளந்தறிய அணுக்கரு மருத்துவம் எடுக்கும் படங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதையும், அவற்றைத் தமிழறிந்த நோயாளிக்கு எவ்வாறு விளக்குவது என்பதையும் இன்று ஆராய்வோம். நாம் நிறுவ விழையும் கருத்து ஒன்றே. அதாவது, இப்பரிசோதனையில் யார் கதிரை விடுகிறார், யார் வாங்குகிறார் என்பதைச் சரியான தமிழ் வாக்கியத்தில் சொல்லாதவரை, நோயாளி தரும் இசைவு முழுமையான இசைவு ஆகாது.

ஜொகூரும் மூச்சும்

இப்பொருளை ஜொகூரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு சூன் மாதம் 23ஆம் நாள், புகைமூட்டத்தால் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டப்பட்ட வேதிக்கழிவிலிருந்து நச்சாவி எழுந்தது. பள்ளி மாணவர்கள் மூச்சுத் திணறலோடும் குமட்டலோடும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2,700 பேருக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. இந்த அவையிலுள்ள ஆசிரியர் பலர் அந்நாள்களை மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றுக்கு முன்பே தோட்டப்புறத் தமிழர் வேறொரு நஞ்சை அறிந்திருந்தனர். பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் களைக்கொல்லி தெளிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தனர். அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்று பாராகுவாட். அது உடலுக்குள் சென்றால், நுரையீரல் உயிரணுக்கள் அதனை இழுத்துத் தம்மிடம் சேர்த்துக்கொள்கின்றன; அதனால் நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. மலேசியா 2002இல் அதற்குத் தடை அறிவித்து, 2006இல் தடையைத் தளர்த்தி, 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து மீண்டும் தடைசெய்தது.

புகை, நச்சாவி, களைக்கொல்லி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. ஆயினும் பாதிக்கப்பட்டவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "உள்ளே என்ன ஆயிற்று?"

வடிவமும் தொழிலும்

அக்கேள்விக்கு மருத்துவர் முதலில் ஊடுகதிர்ப் படத்தையும் மூச்சளவுச் சோதனையையும், தேவையெனில் சிடி படத்தையும் நாடுவர். அதுவே முறை. ஆனால், புகையோ ஆவியோ உள்ளிழுத்தவரின் ஊடுகதிர்ப் படம் முதல் நாளில் பெரும்பாலும் பழுதற்றதாகவே தோன்றும். ஊடுகதிர் காட்டுவது வடிவம். ஊறு முதலில் தாக்குவதோ நுரையீரலின் தொழிலை. வீட்டின் சுவரைப் படம்பிடித்து, உள்ளே அடுப்பு எரிகிறதா என்று அறிய இயலாதன்றோ?

நலமான நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பைக் கொள்ளும். ஒருபுறம் காற்று, மறுபுறம் குருதி. இடையில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லிய சவ்வு. வயலுக்கு வாய்க்காலும் வரப்பும் எப்படியோ, அப்படியே நுரையீரலுக்கு இவை. ஆகவே, தொழிலை அறிய விழைவோர் மூன்று வினாக்களை எழுப்புகின்றனர். காற்று எங்கெங்கே சென்று சேர்கிறது? குருதி எங்கெங்கே சென்று சேர்கிறது? இடையிலுள்ள வரப்பு கசியாமல் நிற்கிறதா? இம்மூன்றுக்கும் விடைதர முயல்வதே அணுக்கரு மருத்துவப் படம்.

மூன்று வினாக்களும் விடைகளும்

முதல் வினா காற்றோட்டத்தைப் பற்றியது. செனான்-133 எனும் கதிரியக்க வளியைக் கொண்டு நுரையீரலை ஆராயும் முயற்சி 1950களில் தொடங்கிற்று. 1972இல் அமெரிக்கப் படைத்துறை அறுவை மருத்துவர்கள், தீக்காயமுற்றோரிடம் அதனைப் பயன்படுத்திய முறையை வெளியிட்டனர். உப்புநீரிற் கரைத்த செனான் நாளத்தில் செலுத்தப்படும். அது குருதியோடு நுரையீரலை அடைந்து, மூச்சோடு வெளியேறும். நலமான நுரையீரலிலிருந்து ஒன்றரை நிமிடத்துள் அது நீங்கிவிடும். புகையால் சிறு மூச்சுக்குழல்கள் வீங்கி அடைபட்ட இடத்திலோ அது தங்கிவிடும். ஊடுகதிர்ப் படத்தில் ஒன்றும் தெரியாதபோதும், தங்கிய செனான் ஊறுபட்ட இடத்தைக் காட்டிக்கொடுத்தது. முன்பே நாட்பட்ட மார்புநோய் உள்ளவரிடமும் புகைபிடிப்போரிடமும் இதே தோற்றம் காணப்படும் என்பதையும் கருத வேண்டும். இக்காலத்தில் மிக நுண்ணிய கரித்துகள் மீது டெக்னீசியத்தை ஏற்றி மூச்சோடு இழுக்கச் செய்யும் முறையும் வழக்கில் உள்ளது. அது 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவானது.

இரண்டாம் வினா குருதியோட்டத்தைப் பற்றியது. ஆல்புமின் எனும் புரதத்தைச் சிறு துகள்களாக்கி, டெக்னீசியம்-99எம் ஏற்றி, கை நாளத்தில் செலுத்துவர். ஒருமுறைக்கு 2 முதல் 7 இலட்சம் துகள்கள் வரை செல்லும். அவை நுரையீரலின் மிகச் சிறிய குருதிக்குழாய்களில் சிறிது நேரம் தங்கும். தங்கிய இடமெல்லாம் குருதி சென்ற இடம். வெறுமையான இடம் குருதி செல்லாத இடம். இலட்சக்கணக்கில் துகள் என்றதும் அஞ்ச வேண்டா. ஆயிரம் குழாய்களில் ஒன்றுகூட அடைபடாத அளவே அது. துகள்களும் சில மணி நேரத்தில் சிதைந்து நீங்கும்.

இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தால் பொருள் புலப்படும். காற்று சென்று குருதி செல்லாத இடத்தில் குருதிக்கட்டி அடைத்திருக்கலாம். இரண்டும் செல்லாத இடத்தில் நுரையீரற் பகுதியே பழுதுபட்டிருக்கலாம். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில், நோய் தணிந்த பின்னும் மூச்சிரைப்பு நீங்காதோரிடம் குருதிக்கட்டியைத் தேட இம்முறை துணைநின்றது.

மூன்றாம் வினா வரப்பைப் பற்றியது. டிடிபிஏ எனும் சேர்மத்தோடு டெக்னீசியத்தை இணைத்து, மென்பனித் துளிகளாக்கி மூச்சோடு இழுக்கச் செய்வர். அது நுண்ணறையில் படிந்து, மெல்ல மெல்லச் சவ்வைக் கடந்து குருதியிற் கலந்து, சிறுநீரகத்தின் வழியே வெளியேறும். புகைபிடிக்காத நலமான ஒருவரிடம் அதன் பாதி நீங்க ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். புகைபிடிப்போரிடம் அதனினும் மிக விரைவாக நீங்கிவிடும் என்று 1980இல் பிரித்தானிய ஆய்வாளர் கண்டனர். வரப்பு கசிகிறது என்பதே அதன் பொருள். புகைபிடிப்பதை விட்டவரிடம் சில நாள்களிலேயே கசிவு குறையத் தொடங்குவதையும் அடுத்த ஆண்டில் கண்டனர். எனினும் இச்சோதனை எந்த நஞ்சு தாக்கிற்று என்று பெயர் சொல்லாது. கசிவு உண்டா, எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். இதனை மருத்துவமனைகள் நாள்தோறும் செய்வதில்லை. பெரிதும் ஆய்வுக்கே பயன்படுகிறது. அழற்சியுற்ற இடம் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்வதைக் காட்டும் பெட் படமும் நுரையீரல் ஊறு குறித்த ஆய்வுகளிற் பயன்படுகிறது.

எழுவாய் எது?

இனி நமது துறைக்கு வருவோம். மேற்கூறியவற்றில் எதுவும் நோயாளிக்கு அந்தச் சொற்களில் சென்று சேர்வதில்லை. அவர் செவியில் விழுவன "நுக்ளியர்", "ரேடியோ", "வி-கியூ ஸ்கேன்" ஆகியவையே. இசைவுப் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இளையோர் படித்துக்கொள்வர். தோட்டத்தில் வளர்ந்து தமிழ் மட்டுமே சரளமாக அறிந்த மூத்தோர் என் செய்வர்?

நாம் அறிந்த மூதாட்டி ஒருவர், இத்தகைய படத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தபின் கேட்ட கேள்வி இது: "ஐயா, எனக்கும் கரண்டு வைக்கப் போறாங்களா?" கரண்டு வைத்தல் என்பது புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சையைக் குறிக்கத் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கிலும் உள்ள தொடர். அவருக்கு அச்சம் கருவியைப் பற்றியது. அது தம் மார்பின்மேல் எதையோ பாய்ச்சப் போகிறது என்று அவர் எண்ணினார். "கதிர்ப்படம் எடுக்கப் போகிறார்கள்" என்று வீட்டார் சொன்ன விளக்கம் அந்த எண்ணத்தை வலுப்படுத்திற்றே அன்றிக் குறைக்கவில்லை.

இங்கே இலக்கணம் துணைக்கு வருகிறது. ஊடுகதிர்ப் படத்தை ஒரு வாக்கியமாக்குங்கள்: கருவி உடலுக்குக் கதிரைச் செலுத்துகிறது. எழுவாய் கருவி, உடல் நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. அணுக்கரு மருத்துவப் படத்தை வாக்கியமாக்குங்கள்: உடலிலிருந்து வரும் கதிரைக் கேமரா வாங்குகிறது. இங்கே உடல் ஐந்தாம் வேற்றுமையில், நீங்கற்பொருளில் நிற்கிறது. கேமரா கொடுப்பதன்று, கொள்வது. சில கருவிகளில் சிடி இணைந்திருக்கும்; அப்பகுதி மட்டும் கதிரைச் செலுத்தும். வேற்றுமை உருபு ஒன்றே இவ்விரு பரிசோதனைகளின் வேறுபாட்டை விளக்கிவிடுகிறது. கதிர் எனும் பெயர்ச்சொல்லை மட்டும் தந்து வினையையும் வேற்றுமையையும் மறைத்தால், கேட்பவர் தமக்குத் தெரிந்த பழைய வாக்கியத்தையே நிரப்பிக்கொள்வர். மூதாட்டி செய்ததும் அதுவே.

அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொன்னதும் அவர் இரண்டாம் கேள்வியைக் கேட்டார்: "அப்போ என்கிட்டேருந்து பேரப்பிள்ளைங்களுக்கு வருமா?" இது மிகக் கூர்மையான கேள்வி. உடலே கதிரின் ஊற்றுக்கண் என்பதை அவர் விளங்கிக்கொண்டார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இதற்கு விடையும் உண்டு. டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகும். இவ்விரு படங்களாலும் உடல் பெறும் கதிர் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மாந்தர் ஒவ்வொருவரும் ஓர் ஆண்டில் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். பேரப்பிள்ளையைக் கொஞ்சுவது குறித்து மருத்துவமனையார் கூறும் அறிவுரையைக் கேட்டு நடந்தால் போதும்.

சொல் தேர்வு

பெயர் அச்சம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. காந்த ஒத்ததிர்வுப் படத்துக்கு முதலில் ஆங்கிலத்தில் அணுக்கரு எனும் அடைமொழி இருந்தது. அதிற் கதிரியக்கமே இல்லை. ஆயினும் மக்கள் அஞ்சினர் என்பதால், 1980களில் மருத்துவர்கள் அந்த அடைமொழியை நீக்கினர். எம்ஆர்ஐ எனும் இன்றைய பெயர் அவ்வாறு வந்தது. அணுக்கரு மருத்துவத்தில் அந்த அடைமொழி உண்மையானது. ஆகவே நீக்க இயலாது. விளக்கவே வேண்டும். நம் மொழியில் அணு என்றதும் குண்டும் உலையும் நினைவுக்கு வருகின்றன. கரு என்றதும் மகப்பேறு நினைவுக்கு வருகிறது. இவ்விரு நினைவுகளையும் கடந்து செல்லும் தொடர் நமக்குத் தேவை. துறைப் பெயராக அணுக்கரு மருத்துவம் என்பதே நிற்கட்டும். நோயாளியிடம் "மூச்சோட்டப் படம், குருதியோட்டப் படம்" என்று சொல்லலாம்.

கலைச்சொல் ஆக்கத்தில் நம் முன்னோர் அருஞ்செயல் செய்துள்ளனர். ஐசோடோப்பு என்பதைத் தமிழ்நாட்டில் ஓரிடத்தான் என்றும் இலங்கையிற் சமதானி என்றும் ஆக்கினர். இரண்டும் கிரேக்க மூலத்தின் பொருளைச் சரியாகத் தருவன. ஆனால் அவை பாடநூலுக்கு உரியவை. ஊசி போடும் செவிலியர் சொல்லத்தக்கவை அல்ல. டெக்னீசியம் என்பதும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. செயற்கையானது என்பது அதன் பொருள். 1937இல் இத்தாலியின் பலெர்மோவில் பெரியரும் செக்ரேயும் அதனைக் கண்டறிந்தனர். மனிதர் முதன்முதலில் செயற்கையாக ஆக்கிக் கண்ட தனிமம் என்பதாலேயே அப்பெயர் பெற்றது. அதனை டெக்னீசியம் என்றே வழங்குவோம். மாலிப்டினம் அடைத்த கலத்திலிருந்து மருத்துவமனையில் அதனை நாள்தோறும் வடித்தெடுப்பர். ஆய்வகத்தார் அக்கலத்தை விளையாட்டாகப் பசு என்பர். கறத்தல் எனும் வினை நம்மவர்க்கு உடனே விளங்கும்.

காற்றோட்டம், குருதியோட்டம் எனும் இணை நமக்கு இயல்பாகவே வாய்த்துள்ளது. இரண்டும் ஒத்துவராத நிலையை "ஒவ்வாமை" என எழுதுதல் தகாது. அச்சொல் இன்று உணவாலும் மருந்தாலும் வரும் வேறொரு நோய்நிலையைக் குறிக்கிறது. "பொருந்தாமை" என்பதே தக்கது. அதுபோலவே, உடலிற் செலுத்தும் பொருளை மருந்து எனும்போது எச்சரிக்கை வேண்டும். ஊசி போட்டால் நோய் குறையும் என்பது நம் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. இது சுவடு காட்டும் பொருள், நோய் தீர்ப்பதன்று.

இனி, ஊறு எனும் சொல். நுரையீரலுக்குக் "காயம்" என்றால் குருதி கொட்டும் புண்ணையே மக்கள் எண்ணுவர். "பாதிப்பு" என்பது மிகப் பொதுவானது. ஊறு என்பது தீங்கைக் குறிக்கும் பழஞ்சொல். கசிதலைக் குறிக்கும் ஊறு எனும் வினையும் அதே வடிவில் உள்ளது. இவற்றின் வேர் ஒன்று என நாம் வாதிடவில்லை. ஆயினும் கடும் நுரையீரல் ஊறு என்பது நுண்ணறைக்குள் நீர் ஊறுதலே என்பதால், இவ்வொற்றுமை நினைவிற் கொள்ள உதவும். வேற்றுமை உருபு ஏற்கும்போது "ஊற்றை, ஊற்றால்" என்று மயக்கம் தருமாதலால், அவ்விடங்களில் ஊறுபாடு என்று எழுதுவது நலம். இவ்வுரையில் நாமும் அவ்வாறே செய்தோம்.

ஆங்கிலத்திலும் இச்சொல் நிலையாக நின்றதில்லை என்பதை நினைவூட்டுவோம். கடும் மூச்சிடர்த் தொகை எனத்தக்க நோய்நிலை 1967இல் 12 நோயாளிகளை வைத்து முதலில் விவரிக்கப்பட்டது. பின்னர் அதன் பெயரில் "கடும்" என்பதற்கு மாறாக "வயது வந்தோர்" என்னும் அடைமொழி இடம்பெற்றது. 1994இல் அறிஞர் குழு கடும் எனும் அடைமொழியை மீட்டது. கடும் நுரையீரல் ஊறு எனும் தனி வகையையும் வகுத்தது. 2012இல் மற்றொரு குழு அவ்வகையை விலக்கியது. அறிவு வளரும்போது பெயரும் மாறும். ஆகவே, தமிழில் ஒரு சொல்லுக்கு இருவர் இரண்டு ஆக்கம் தந்தால் பகைகொள்ள வேண்டா. எது நோயாளிக்கு விளங்குகிறதோ அது நிற்கும்.

நாம் செய்யத்தக்கது

கருவுற்ற தாய்க்கு நுரையீரலில் குருதிக்கட்டி இருக்குமோ என்ற ஐயம் எழும்போது, குருதியோட்டப் படம் மருத்துவர் தேர்ந்தெடுக்கும் வழிகளுள் ஒன்று. சிடி படத்தைக் காட்டிலும் தாயின் மார்பகத்துக்கு அதிற் கதிர் குறைவு. தாய்ப்பால் ஊட்டும் தாயோ சில மணி நேரம் ஊட்டாதிருக்குமாறு அறிவுறுத்தப்படுவார். "அணு" எனும் சொல்லுக்கு அஞ்சிக் கருவுற்றவர் பரிசோதனையை மறுத்தால் கட்டி காணப்படாமற் போகலாம். பாலூட்டுபவர் கேள்வி விளங்காமல் தலையசைத்தால் குழந்தைக்கு வேண்டாத கதிர் சேரலாம். உயிரைத் தொடும் இடத்தில் மொழி நிற்கிறது என்று நாம் கூறுவது இதனாலேயே.

ஆகவே, ஒரு பக்க அளவிலான தமிழ் விளக்கம் ஒன்றை இம்மன்றம் மருத்துவர் துணையுடன் ஆக்க வேண்டுமென வேண்டுகிறோம். படிக்கத் தெரியாதோருக்கும் பயன்படுமாறு, உரக்கப் படிப்பதற்கு ஏற்ற வாக்கியங்களாக அஃது அமைய வேண்டும். மாதிரியாகச் சில வாக்கியங்களை முன்வைக்கிறோம்.

"அம்மா, நீங்கள் இழுக்கும் மூச்சு நுரையீரலில் எங்கெல்லாம் போகிறது, இரத்தம் எங்கெல்லாம் போகிறது என்று பார்க்கப் போகிறோம். அதற்காக, கொஞ்சமாகக் கதிர் விடும் ஒரு பொருளை மூச்சோடு இழுப்பீர்கள். இன்னொன்றைக் கையில் ஊசி வழியாகச் செலுத்துவோம். இது நோயைக் கண்டுபிடிப்பதற்கு. நோயைத் தீர்க்கும் மருந்து அன்று. இந்தக் கேமரா உங்கள்மேல் எதையும் பாய்ச்சாது. உங்கள் உடலிலிருந்து வருவதை வாங்கிப் படமாக்கும். அந்தக் கதிர் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கருவுற்றிருந்தாலும் குழந்தைக்குப் பால் கொடுத்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். விளங்காததைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு."

இவ்வாக்கியங்களில் அருஞ்சொல் எதுவும் இல்லை. சிடி இணைந்த கருவியாயின் அதற்கென ஒரு வாக்கியம் சேர்க்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உயர்வகுப்பு மாணவர்க்கு இதனை மொழிபெயர்ப்புப் பயிற்சியாகத் தரலாம். மலாய்ப் படிவமொன்றைத் தந்து, பாட்டிக்கு விளங்குமாறு சொல்லச் செய்யலாம். நாளை மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக நிற்கப்போவது பெரும்பாலும் அந்தப் பேரப்பிள்ளைகளே. பாசிர் கூடாங்கில் நச்சாவியை நுகர்ந்த பிள்ளைகளும் அவர்களுள் உளர். தம் நுரையீரலுக்கு நேர்ந்ததைத் தம் மொழியில் கேட்டறியவும் சொல்லவும் அவர்களுக்கு இயல வேண்டும்.